ஒன்பதாவது கட்டத்தில் ஒரு நாடு

தேர்தல் நேர்மையாக நடந்தது என்பதில் தோற்ற கட்சிக்கு நம்பிக்கை இல்லை. ஜெயித்த கட்சிக்கும் இல்லை. இன்னும் நூறு இடம் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. ஆகவே 'தேர்தலில் அந்நியத் தலையீடு குறித்த உயர்மட்ட விசாரணை ஆணையம்' ஏகமனதாக அமைக்கப்பட்டது. இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஆணையத்தின் வேலை முழுக்கத் தலைமை எழுத்தர் தலையில் விழுந்தது. பாவம், மனுஷருக்கு வேண்டியிருந்ததெல்லாம் இருபது நாள் லீவு. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த மகளுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். 'அறிக்கை ஏற்கப்பட்ட பின் பரிசீலிக்கப்படும்' என்று செயலாளர் விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் எழுதிவிட்டார்.

எழுத்தர் மாடாய் உழைத்தார். நாலு மாதத்தில் நானூறு சாட்சிகள். சொந்தத் தெருவிலேயே பதினோரு ஓட்டு வாங்கிய வேட்பாளர், அந்நியச் சதிதான் காரணம் என்று சத்தியம் செய்தார். அடுத்து வந்த அவர் மனைவி, "சதியெல்லாம் இல்லைங்க, நானே போடலை" என்றார். அந்த வாக்குமூலம் ஆணையத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டது என்று நீக்கப்பட்டது.

கடைசியில் அறிக்கைப் படிவம் வந்தது. ஒன்பதாவது கட்டம்: தலையிட்ட நாடு. எழுத்தர் 'எதுவுமில்லை' என்று எழுதிச் செயலாளர் முன் வைத்தார்.

"என்னய்யா இது?"

"எந்த நாடும் தலையிடலை சார்."

"தலையிட்டதாலதானே ஆணையமே போட்டிருக்கு? தலையீடு இல்லைன்னா ஆணையம் இல்லை. ஆணையம் இல்லைன்னா நாலு மாசமா நீங்க எந்த ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தீங்க?"

எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டார். "எந்த நாட்டை எழுதட்டும் சார்?" என்றார்.

"எழுதச் சொல்லலை, கண்டுபிடிக்கச் சொல்றேன். வடக்கே இருக்கிற நாடு வேண்டாம், நமக்குப் பாலம் கட்டித் தர்றாங்க. கிழக்கே இருக்கிறவங்க கோபக்காரங்க. மேற்கே என் பையன் படிக்கிறான்."

எழுத்தர் அட்லாஸைப் பிரித்தார். கடைசிப் பக்கத்துக் கடலில் ஒரு தீவு, ஈ எச்சமிட்ட மாதிரி கிடந்தது. மொத்த ஜனமே ஒன்பதாயிரம். நமக்கும் அதற்கும் தூதரகமும் கிடையாது, சண்டையும் கிடையாது. மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டார்.

நாடாளுமன்றத்தில் மூன்று வாரம் விவாதம். "ஒன்பதாயிரம் பேர் எப்படி நம் இரண்டு கோடி வாக்காளர்களை ஏமாற்ற முடியும்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "அதில்தான் அவர்களுடைய சூழ்ச்சியே இருக்கிறது" என்று அமைச்சர் விளக்கினார். அறிக்கை ஏற்கப்பட்டது. லீவும் கிடைத்தது. எழுத்தர் பெட்டியைக் கட்டினார்.

இதற்குள் தீவிலும் ஒரு தேர்தல் நடந்து முடிந்திருந்தது. பிரச்சாரத்தின் நடுவே விவாதச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர்ப் பிரதமருக்குத் தலைகால் புரியவில்லை. 'பெரிய நாட்டையே ஆட்டிவைத்தவர்' என்று சுவருக்குச் சுவர் எழுதி, அமோகமாக ஜெயித்துவிட்டார். தோற்றவர் சும்மா இருப்பாரா? 'உங்கள் அறிக்கைதான் எங்கள் தேர்தலைப் புரட்டிப் போட்டது. இது அப்பட்டமான அந்நியத் தலையீடு' என்று புகார் அனுப்பினார். இந்த விவகாரம் முழுவதிலும் உண்மை எழுதப்பட்டு, நீக்கப்படாமல் தப்பிய ஒரே காகிதம் அதுதான்.

புகார் வாசிக்கப்பட்டதும் இரு தரப்பும் மேசையைத் தட்டின. பிறர் தேர்தலில் தலையிடுமளவு நாடு வளர்ந்துவிட்டதே! பெருமையை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பழி மிச்சம் இருந்தது. அதை எழுத்தருக்குக் கொடுத்தார்கள்.

உத்தரவு அன்று மாலையே வந்தது: 'தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அக்காலத்தில் முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறலாகாது.' அதாவது, வேலைக்கும் வரக் கூடாது, ஊரை விட்டும் போகக் கூடாது.

கட்டிய பெட்டி கட்டியபடியே கிடந்தது. மகள் போன் செய்தாள்.

"அப்பா, பையன் பொறந்திருக்கான். கிளம்பிட்டீங்களா?"

"நாளைக்கு வந்துடறேம்மா" என்றார். ஆறு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள், அவர் இடத்துக்கு வந்த புது எழுத்தர் கையில் படிவத்தோடு வாசலில் நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்களைத் தூண்டிவிட்டது எந்த நாடுன்னு விசாரிக்க ஆணையம் போட்டிருக்காங்க."

"என்னை யாரும் தூண்டலையேப்பா."

"அப்படி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க சார். ஒன்பதாவது கட்டம் முடிஞ்சாத்தான் நீங்க ஊருக்குப் போற அனுமதியைப் பத்தியே பேசுவாங்களாம். எனக்கும் தங்கச்சி கல்யாணம், லீவு வேணும்."

எழுத்தர் எழுந்து போய் அட்லாஸை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தேடினார்.

"இன்னும் ரெண்டு தீவு இருக்கு. இதுல தேர்தலே நடக்காத தீவு எதுன்னு பார்த்துக்கணும். அதுதான் முக்கியம்."

"நீங்க சொல்லுங்க சார், நான் எழுதிக்கிறேன்."

"வேண்டாம், அடிச்சுத் திருத்தினா அதுக்கொரு வாரம் ஆகும். பேனாவை இப்படிக் கொடுங்க" என்றார் எழுத்தர்.