பானைக்குள் கேட்ட ‘உம்’

சத்தத்தோடு இவ்வளவு சண்டை போட்ட மனிதர் தென்காசி வட்டாரத்திலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மேலகரத்தில் எங்கள் எதிர்வீடு. சர்வே ஆபீஸில் வேலை. ஊருக்கு அவர் ‘உம்’ அண்ணாச்சி. ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டு ஓடினாலும் பாட்டை விட்டுவிட்டு, அதற்கு அடியில் ‘உம்ம்’ என்று ஓடும் இரைச்சலைத்தான் அவர் காது பிடிக்கும்.

குற்றாலத்து அருவிக்கு அடியில் மட்டும் ஆனந்தமாக நிற்பார்.

“இம்புட்டு இரைச்சல் காதுல அடிக்கே, இது உறுத்தலையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இது தண்ணி போடுத சத்தம்வே. அது வயரு போடுத சத்தம்.”

ஒருமுறை குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பந்தலின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நிறுத்துங்க! இது சரியில்ல!”

நாதஸ்வரம் நின்றது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போனது. எல்லோரும் மாப்பிள்ளையைச் சந்தேகமாகப் பார்க்க, அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மைக் செட்காரரிடம் சொன்னார்: “எர்த்து வயரு கழண்டு கெடக்கு, அதான் உம்முங்குது, பாரும்.”

அன்று பந்தியில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

வீட்டில் சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து வைத்திருந்தார். இரண்டு பெரிய மண்பானைகளின் வாயில் ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து வைத்திருப்பார். முழுக் கிறுக்கு என்று தெருவே சிரித்தது. நாங்கள் மதினி என்று கூப்பிடும் அவர் மனைவிக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்ததும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசியில், மதினியின் தம்பி துபாயிலிருந்து ஒரு டி.வி.யும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். அந்தக் கம்ப்யூட்டர் டைப்ரைட்டரின் எழுத்துப் பலகையை மட்டும் கழற்றி வைத்ததுபோல இருக்கும். டி.வி.யோடு சேர்த்தால் எழுத்து தெரியும், சத்தமும் போடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் கோமதி, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, மதினி அவளுக்குப் பாடிய தாலாட்டின் மெட்டை அதில் ஏற்றிவிட்டாள். டி.வி.யில் அது கொசு பாடியதுபோல் கேட்டது. மதினிக்கு அதுவும் கேட்கவில்லை.

“ஆம்ப்ளிஃபையர்ல கொடுத்துருவோம்!” என்று அண்ணாச்சி வயரை இழுத்தார். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு பானைகளும் சேர்ந்து, “உம்ம்ம்ம்ம்!”

தாலாட்டு அதற்குள் எங்கோ மூழ்கிப்போனது. மதினி பானையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “மாவு மில்லு ஓடுத மாதிரில்லா இருக்கு” என்றாள்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே லீவு போட்டார். வயரை மாற்றினார். சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை வயரில் சுற்றினார். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஆம்ப்ளிஃபையர் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸுக்கென்று தனியாக ஒரு எர்த் கம்பி இறக்கினார். இரைச்சல் கூடியது. பிறகு தெருவில் இறங்கி வீடுவீடாக வந்தார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் அந்த டியூப் லைட்டை அமத்துங்கம்மா. உங்க கிரைண்டரையும்.”

தெருவே இருட்டில் உட்கார்ந்து மாவாட்டாமல் காத்திருந்தது. பானைகள் அசரவில்லை.

அன்று நல்ல சாரல். என்ன ஆயிற்று என்று பார்க்க நான் போனபோது, டி.வி. இருந்த பட்டாசாலையில், அந்த முன்கூடத்தின் சுவர் நனைந்து ஊறியிருந்தது. அண்ணாச்சி மறுபடியும் டி.வி. பிளக்கைக் கையில் எடுத்தார்.

“அந்த ஈரச் சுவத்துல செருகாதீங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!” என்று மதினி பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபையர் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸை உள்ளறையிலிருந்து இழுத்து வந்து, டி.வி., கம்ப்யூட்டர் இரண்டையும் அதிலேயே செருகினாள்.

ஸ்விட்சைப் போட்டார் அண்ணாச்சி. நிசப்தம்.

“சே! கரண்டு போயிட்டு!”

“எப்பா, லைட்டு எரியுது” என்றாள் கோமதி.

அண்ணாச்சி ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “டி.வி.க்கு ஒரு எர்த்து, ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு எர்த்து! வயரு வழியா ஒண்ணுக்கொண்ணு இழுத்துக்கிட்டுல்லா கெடந்திருக்கு. ஒரே பாக்ஸ்ல போட்டதும் அடங்கிட்டு பாத்தீரா!” என்று என் தோளைப் போட்டு உலுக்கினார்.

கோமதி ஒரு பொத்தானைத் தட்டினாள். பானைகளுக்குள்ளிருந்து தாலாட்டு எழுந்தது. தனியாக, தெளிவாக.

மதினி இரண்டு உள்ளங்கைகளையும் பானையின் வயிற்றில் பதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதடு அசைந்தது. முடிந்ததும் நிமிர்ந்து, “நடுவுல ஒரு எடம் தப்பா அடிச்சிருக்கா” என்றாள்.

“மாத்திருதேன்மா” என்று கோமதி நெருங்கினாள்.

அண்ணாச்சி குறுக்கே கையை நீட்டிவிட்டார். ஒரு சின்ன இரைச்சலுக்காகக் கல்யாணத்தையே நிறுத்திய மனிதர்.

“ஏளா, மாத்தாத. தப்பு அவளுக்குக் கேட்டுட்டு பாத்தியா? அப்படியே இருக்கட்டும். இன்னொரு மட்டம் போடு.”

கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, “என்னவே நிக்கீரு? உக்காரும். பேசாம கேளும்” என்று அதட்டினார்.

உட்கார்ந்தேன். தாலாட்டு மறுபடி ஓடியது. அவர் அதைக் கேட்கவே இல்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.