ஏழாம் நம்பர் ஜன்னலும் வாத்துப் படமும்

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு வெளிநாட்டு நூலகத்துக்குப் போய், சாயங்காலம் காலனிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டக் கார்ட்டூன் படம் ஒன்றை இரவல் வாங்கி வர வேண்டும். பல் தேய்ப்பதைப் பற்றிய படமாக இருந்தால் ரொம்ப நல்லது என்று சொல்லி அனுப்பினார் எங்கள் அடையாறு காலனியின் செயலாளர் சாம்பசிவம் சார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று மாதம். புது மனைவி வசந்தா எதிரில் யார் எந்த வேலை சொன்னாலும் "அதுக்கென்ன சார்" என்று கிளம்பிவிடுவேன்.

பல் படத்தை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். நூலகத்து அம்மாள் வாத்துப் படம் ஒட்டிய ஒரு தகர டப்பாவை நீட்டினார். வாத்து என்றால் குழந்தைகள் படம்தானே? வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெருமையாக வந்து சேர்ந்தேன். என்ன கதை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

சாயங்காலம் கோடம்பாக்கத்திலிருந்து படம் ஓட்டுகிற துலுக்காணம் புரொஜெக்டரோடு வந்தார். பாட்மின்டன் கோர்ட்டில் திரை கட்டுவதற்கு முன்னால், கமிட்டி அறைச் சுவரில் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினார்.

ஒரு பையன். முகமெல்லாம் புள்ளி. எதிர்வீட்டுப் பெண் சைக்கிளில் போகிறாள். உடனே அவன் சட்டைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு இதயம் வெளியே வந்து துடிக்கிறது. அவன் வளர்க்கும் வாத்து தலையில் அடித்துக்கொள்கிறது.

சாம்பசிவம் சாரும் அடித்துக்கொண்டார். பத்து வயசுப் பையன் காதலிக்கிற படத்தையா பால்வாடிப் பிள்ளைகளுக்குப் போடுவது என்று குதித்தார். ஆனால் போர்டில் எழுதியாகிவிட்டது. பிள்ளைகள் நாலு மணிக்கே பாய் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள்.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். இங்கிலீஷ் வசனம் எப்படியும் யாருக்கும் புரியப்போவதில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு நான் மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சின்னு சொல்லிடு சீனு. முடிஞ்சுது" என்றார்.

நானும் அதுக்கென்ன சார் என்றேன். வசந்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டில் தண்டபாணி சார் நுழைந்தார். கையில் மஞ்சள் பை நிறையக் கல்யாணப் பத்திரிகை. மகனுக்குக் கல்யாணமாம். கூடவே மகள் கல்யாணி, அவள் குழந்தை. பழைய காலனி ஆட்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துக்கொண்டே வந்தவர், எட்டாம் நம்பர் வாசலை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டினார். எட்டாம் நம்பர் என்பது சாம்பசிவம் சார் வீடு.

இதற்கு ஒரு கதை உண்டு. காலனியில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தண்டபாணி சார் ஏழாம் நம்பரில் குடியிருந்தார். அவருக்கும் சாம்பசிவம் சாருக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை. சண்டை நடந்த மறுநாளிலிருந்து தினமும் விடிகாலையில் ஏழாம் நம்பர் ஜன்னலில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. சூனியம் என்று முடிவாகிவிட்டது. வைத்தது யார் என்பதும் முடிவாகிவிட்டது. மந்திரிக்கிற ஆளை வரவழைத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், எதற்கும் பழம் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பம் நங்கநல்லூருக்குப் போய்விட்டது.

எல்லோருக்கும் தெரியாத பாகம் ஒன்று உண்டு. பழம் வைத்தவன் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கல்யாணி என் வகுப்பு. ஸ்கூல் பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தால் நிற்கும் என்று அவளே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் மரம் இருந்தது. காலையில் பால் வாங்கப் போகிற வழியில் ஒன்றைப் பறித்து அவள் ஜன்னலில் வைப்பேன். நேரில் கொடுக்கத் தைரியமில்லை. மரத்தில் காய் குறைகிறதே என்று அம்மா அணிலைத் திட்டினாள். சூனியம் என்று பேச்சு வந்தபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். லாரியில் சாமான் ஏறியதைப் பார்த்து மொட்டைமாடியில் நின்று அழுதேன்.

இப்போது அதே கல்யாணி கடைசி வரிசையில், படம் பார்க்க அடம்பிடித்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் தண்டபாணி சார். என் கையில் மைக்.

படம் ஆரம்பித்தது. பையனின் இதயம் வெளியே வந்தது. அவனுக்கு மார்ச்சளி என்றேன். முகம் சிவந்தது. ஜுரமும் இருக்கிறது என்றேன். அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் கம்பத்தில் மோதிக் குட்டையில் விழுந்தான். தங்கச்சி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய சந்தோஷம் என்றேன்.

சாம்பசிவம் சார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பிள்ளைகள் அவ்வளவு லேசில் விடவில்லை. தங்கச்சி ஏன் எதிர்வீட்டில் இருக்கிறாள் என்றான் ஒருவன். வீட்டில் இடமில்லை என்றேன். படத்துப் பையன் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு அவள் ஜன்னலை நோக்கிப் பூனை மாதிரி நடந்தான்.

பட்டென்று திரை வெள்ளையாகிவிட்டது.

"ஃபிலிம் அந்துபோச்சு சார்" என்றார் துலுக்காணம். "நீ பேசிக்கினே இரு, நான் ஒட்டிக்கினு வரேன்."

அவன் கையில் என்ன வைத்திருந்தான் என்று பிள்ளைகள் கத்தினார்கள். கடிதம் என்று சொல்லக்கூடாது, பூ என்றும் சொல்லக்கூடாது. அண்ணன் தங்கைக்கு ஜன்னலில் என்னதான் வைப்பான்? யோசித்துப் பார்த்தால், ஜன்னலில் ஒரு பொருளை வைப்பது பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

"எலுமிச்சம்பழம்" என்றேன்.

எதுக்கு மாமா? பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும். ஒரே ஒரு பழமா? இல்லை, தினமும் ஒன்று, ஒரு மாதம். அப்புறம்?

அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது. பதினைந்து வருஷமாக இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அறுபது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். நான் அண்ணனை மறந்தேன், தங்கையை மறந்தேன், வாத்தையே மறந்துவிட்டேன். அவள் அப்பா பழத்தைக் கையால் தொடாமல் முறத்தில் தள்ளி முச்சந்தியில் கொட்டியதைச் சொன்னேன். மந்திரிக்கிற ஆள் வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி விழுந்ததையும் சொன்னேன். லாரி கிளம்பியபோது பையன் மொட்டைமாடியில் நின்று அழுததையும் விடவில்லை.

"இன்னா கதை சார், படத்தவிட சோக்கா கீது" என்றார் துலுக்காணம், ஃபிலிமை ஒட்டியபடியே.

அப்போதுதான் கவனித்தேன். பெரியவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து நின்றது.

"மாமா, நம்ம காலனில எலுமிச்ச மரம் உங்க வீட்டுல மட்டும்தானே இருக்கு?"

அதே நொடியில் படம் ஓட ஆரம்பித்தது. திரை முழுக்கச் சிவப்பாக ஒரு இதயம் துடித்தது. இந்தத் தடவை மார்ச்சளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்டபாணி சார் எழுந்து நடந்து வந்தார். என்னைத் தாண்டி, நேராகச் சாம்பசிவம் சாரிடம் போனார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தப்பா நெனச்சுட்டேன் சார். குடும்பத்தோட வரணும்."

சாம்பசிவம் சார் உடனே வாங்கவில்லை. "பதினஞ்சு வருஷம் சார்" என்றார். "இந்தக் காலனில நாலு வீட்டுல என் கையால பிரசாதம் வாங்கமாட்டாங்க, தெரியுமா?"

எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. அந்த மனுஷன் வலியப் போய்ச் செயலாளர் வேலை பார்த்தது கெட்ட பேரைத் துடைக்கத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். பதினைந்து வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் என்னைத் திட்டியதுதான்.

கல்யாணி கடைசியாக வந்தாள். இத்தனை வருஷம் கழித்து என்ன சொல்வாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்ல காரியம் பண்ணினே சீனு. அப்பா ஒரு பழத்தைக்கூட வீட்டுக்குள்ள விடல. நங்கநல்லூர் போனப்புறம் சேர்த்த ஸ்கூல் இன்னும் தூரம், பஸ்ல முக்கால் மணி நேரம் அதிகம். பத்தாவது முடிக்கிற வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டேதான் ஸ்கூலுக்குப் போனேன்."

வசந்தா வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டாள், விளக்கை அணைத்தாள், தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பார்த்தேன். என் டிபன் கேரியர்மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

அன்பில் வைத்ததா, வேறு எதற்காவது வைத்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.