எங்கள் தெருவுக்கு நான் அளவெடுத்த கதை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அத்தான் அவர்களுக்கு,

தையல்கடை மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் வீட்டுக்காரியும், தையல் மிஷினும் சுகம். அங்கு தாங்கள், என் அக்கா, தங்கள் முழங்கால் வலி ஆகிய மூவரின் நிலவரத்தையும் அறிய ஆவல்.

"வார்டு எல்லையெல்லாம் மேலே இருக்கிறவங்க போடுற கோடு. நீ காஜா எடுக்கிற வேலையைப் பாரு" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அத்தான், அந்தக் கோட்டை மாற்றிவிட்டேன்! நான்தான், உங்கள் மைத்துனன்தான்! சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்தருளவும்.

எங்கள் தெருவின் சங்கதி தாங்கள் அறிந்ததே. இடது வரிசை ஐந்தாம் வார்டு, வலது வரிசை ஆறாம் வார்டு, நடுவில் ஓடுகிற சாக்கடை யாருக்கும் வேண்டாத அநாதை. ஐந்தாம் வார்டு உறுப்பினரிடம் போனால் "அது அந்தப் பக்கத்து விவகாரம்" என்பார், ஆறாம் வார்டு உறுப்பினரிடம் போனால் அதையே இன்னும் மரியாதையாகச் சொல்லி உட்காரவைத்து அனுப்புவார், மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் ஓடிவந்து தெருக்கோடியில் என் கடை வாசலில்தான் நிற்கும். போன மழையில் ஒரு கல்யாணக் கோட்டு ஊறிச் சுருங்கிப்போய், மாப்பிள்ளை அதைப் போட்டபோது கை முழங்கையோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

இப்படி இருக்கையில், நகரசபை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவுக்குச் சட்டை அளவெடுக்கப் போனவன் சுவரில் வரைபடத்தைப் பார்த்தேன். வார்டு எல்லைகளைத் திருத்தப் போகிறார்களாம், குடியிருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாமாம், கூட்டத்தில் நேரிலும் பேசலாமாம், பத்து வருஷத்துக்கு ஒரு முறைதானாம். அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்! எதிர்வீட்டுப் பேக்கரிக்காரரிடம் ஓடினேன். அவர் ஆவேசமாகப் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு போனார். நகரசபை அலுவலக ஜன்னலில் இருந்த அம்மா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஐயா, சாக்கடை நாறுதுன்னு சொல்றதுக்கு வேற ஜன்னல். இங்க கோடு எங்க போகணும், ஏன் போகணும்னு சொல்லுங்க. எத்தனை வாக்காளர்னு கணக்கு கொடுங்க. படம் போட்டுக் காட்டினா இன்னும் நல்லது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் என்றதும் தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரி நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கித் தலையெண்ணினாள். நான் டேப்பும் சாக்குக்கட்டியும் எடுத்து, பழுப்புக் காகிதத்தில் புது ஐந்தாம் வார்டை அளவாக வெட்டினேன், ஒரு மேல்கோட்டுக்கு வெட்டுவது மாதிரி அவ்வளவு பயபக்தியோடு.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். தலைமை அதிகாரி அம்மா என் காகிதத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது, உங்க கோடு சந்தையையும் பஸ் டிப்போவையும் சேர்த்து அள்ளிட்டுப் போகுதே?"

"அது தையலுக்கு விட்ட அரை இஞ்ச் அம்மா."

"இந்தப் படத்துல அரை இஞ்ச்னா நானூறு வீடு!"

"நாளைக்கு ஜனங்க பெருத்தா பிரிச்சு விட வேண்டாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது, ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், "நாங்களும் விடுவோம். வார்டுக்கு மூவாயிரம் வாக்காளர்னா, நூத்துக்குப் பத்து கூடலாம், குறையலாம்" என்றார். நான் மேஜையைத் தட்டி, "அப்படிப் போடுங்க! நீங்களும் நம்ம தொழில்தானா!" என்று கத்திவிட்டேன். உடனே பையிலிருந்து கத்தரியை எடுத்து அங்கேயே அரை இஞ்சையும் நறுக்கித் தள்ளினேன். என் வீட்டுக்காரி எழுந்து, "வலது வரிசையில இருநூத்துப் பதினாலு பேரு. அவங்க அஞ்சாம் வார்டுக்கு வந்தாலும் ரெண்டு பக்கமும் பத்துக்குள்ளதாங்க நிக்குது. ஒரே சாக்கடை, ஒரே தெரு, ஒரே உறுப்பினர் போதும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். மூன்று நிமிஷத்தில் இன்னும் நாற்பது விநாடி மிச்சம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை அத்தான்.

நேற்று திருத்திய வரைபடம் வந்துவிட்டது. தெரு மொத்தமும் ஐந்தாம் வார்டு! என் காகிதத்தை அப்படியே, நூல் பிசகாமல் பிரதி எடுத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் தெருவுக்கே பன் கொடுத்தார், என்னைத் தோளில் தூக்கப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆகவே அத்தான், உங்கள் ஊரிலும் வரைபடம் ஒட்டினால் சும்மா இருக்காதீர்கள். தலையெண்ணுங்கள், காரணம் எழுதுங்கள், போய்ப் பேசுங்கள். நம்மையும் கேட்கிறார்கள், நிஜமாகவே கேட்கிறார்கள்!

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, தங்கள் முழங்காலுக்குச் சீக்கிர குணம்.

இப்படிக்கு,
கோட்டை மாற்றிய தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு (மறுநாள் எழுதியது): நேற்று உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல நம்ம வீடு எங்க?" என்றாள். வளைவு வந்தால் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம், இல்லாவிட்டால் துணி சுருங்கும். தெருக்கோடியில் ஒரு வளைவு இருக்கிறது, காகிதத்தில் அங்கேயும் கை தானாக ஒரு வெட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த வெட்டில் போனது எங்கள் வீடும் கடையும். இனி சாக்கடை பக்கத்து வீடுவரை சுத்தமாகும், வாசல் குட்டை மட்டும் என்னோடு ஆறாம் வார்டு. திருத்திய வரைபடத்துக்கு ஆட்சேபணை சொல்ல இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. படிவத்தில் "யாருடைய கோரிக்கையை எதிர்க்கிறீர்கள்?" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கூட்டம். என்னை எதிர்த்துப் பேச எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். என்னை ஆதரித்துப் பேசத் தெருவே திரண்டு வருகிறது.