மகளின் பெரணிச் செடிக்குத் தொட்டி பார்த்த கதை

தூ டுக், சைகோன்
ஏப்ரல் 28

காரைக்கால் மச்சான் கப்ரியேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை பொலேத்தின் கணவன் அகுஸ்தேன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் மகள் ஜூலியேத் வீட்டில் சுகம். அங்கே உங்கள் சர்க்கரை, மூட்டுவலி, மூத்த மருமகள் ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், நடுவில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

விஷயம் இதுதான். ஜூலியேத் கம்பெனி வேலையாகப் பத்து நாள் ஹனோய் போனாள். போகும்போது பால்கனியில் இருந்த பெரணிச் செடியைக் காட்டி, "அப்பா, ஒங்களுக்கு ஒரே வேலதான். இதுக்குத் தெனம் தண்ணி ஊத்துங்க. கூட வேல பாக்கற மின் குடுத்தது, பத்திரம்" என்றாள். மின் என்றால் கரண்ட் இல்லை மச்சான், ஒரு பையனின் பேர்.

பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் தண்ணீரோடு நிறுத்துவானா? சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் வேர் அடிவழியாக வெளியே எட்டிப் பார்த்தது. பரிதாபப்பட்டு, நம்மூர்ப் பழக்கத்தில் சிவப்பு மண் தொட்டி வாங்கி மாற்றினேன். பதினாலாவது மாடி, வெயில், ஆற்றுக் காற்று. காலையில் ஊற்றிய தண்ணீரைத் தொட்டியே குடித்துவிட்டு, மத்தியானம் செடியைப் பட்டினி போட்டது. நாலு வேளை ஊற்றினேன். அது கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்ட துணிமேல் வழிந்து, அவர் மேலே ஏறி வந்து பத்து நிமிஷம் வியட்நாமியில் பொரிந்து தள்ளினார். எனக்கு அந்தப் பாஷையில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு நன்றி சொன்னேன். சரி, ஓட்டை இருந்தால்தானே ஒழுகும் என்று ரைஸ் குக்கரின் உள்பாத்திரத்தில் செடியை இறக்கினேன். மூன்றாம் நாள் மண் சேறாகி நாறியது, இலை மஞ்சளானது. "ஏங்க, செடியையும் வேக வைக்கப் போறீங்களா?" என்று உங்கள் தங்கை கேட்டதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து காலிங் பெல். வந்தவன் மின். நான் குக்கர் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து, சுத்தத் தமிழில், "மாமா, தண்ணி போதும்" என்றான்.

உங்கள் தங்கை என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "கூட வேல பாக்கறவன் எதுக்குங்க தமிழ் படிக்கிறான்?" என்று காதைக் கடித்தாள். எனக்கு அப்போதும் புரியவில்லை.

அவன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தொட்டிக் கடைக்குப் போனான். அங்கே ஒரு மண் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் ஈரம் கசிவதைக் காட்டினான். பளபளவென்று பூச்சுப் போட்ட பீங்கான் தொட்டி கசியவில்லை. மண் சீக்கிரம் காயும் செடிக்குப் பீங்கான்தானாம். நான் அண்டா மாதிரி ஒன்றைத் தூக்கினேன். அவன் தலையை ஆட்டி, பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம் என்று ஜாடையிலேயே விளக்கினான்.

திரும்பும்போது தொட்டி என் மடியில். மனசு கேட்காமல், "தம்பி, தமிழ் எதுக்குப் படிக்கிறே?" என்றேன். சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பினான். "மாமாகிட்ட... பொண்ணு கேக்கணும்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நூறு பைக் ஹாரன் அடித்தது. ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்ள முடியாமல் தொட்டியைக் கட்டிக்கொண்டேன்.

ஜூலியேத் சனிக்கிழமை வந்தாள். செடியில் புது இலைச் சுருள் ஒன்று விட்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தையே பார்த்தாள். "சொல்லிட்டானா?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை ஞாயிறு பூசை தவறாதவர், விசாரித்துவிட்டேன். நீங்கள் குடும்பத்தோடு வரவேண்டும். சீதனமாக மண் தொட்டி மட்டும் வேண்டாம். பீங்கான் தொட்டியே உத்தமம்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம், உங்களுக்கு இரண்டும்.

அன்பு மச்சான்,
அகுஸ்தேன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்து மூன்று நாளாக விடவில்லை. பீங்கான் தொட்டியில் மண் காயவே மாட்டேன் என்கிறது. செடியை மறுபடி மண் தொட்டிக்கே மாற்றிவிட்டோம். ஆகவே மேலே பீங்கான் என்று வரும் இடமெல்லாம் மண் என்றும், மண் என்று வரும் இடமெல்லாம் பீங்கான் என்றும் மாற்றிப் படிக்கவும். கல்யாணத்தை மட்டும் எழுதியபடியே படிக்கவும்.