விழத் தெரிந்த தொப்பக்கா

ஏழு வயதுப் பெண்ணை, தூக்கிப் போடவும் அடிபடாமல் விழவும் கற்றுத்தரும் ஜூடோ ஒன்றிலேயே ஊறவிடுவதா, குத்து, உதை, மல்யுத்தம் என எல்லாவற்றையும் கலந்து கற்றுத்தரும் எம்.எம்.ஏ வகுப்புக்கு இப்போதே மாற்றுவதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும்: மதுரை மாவட்டத்திலேயே தொப்பக்கா அளவுக்கு அழகாகக் கீழே விழத் தெரிந்தவர் கிடையாது.

கல்யாணத்துக்கு முன், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் அவர் என் அறைத்தோழி. அங்கே இருந்த மூன்று வருடமும் அவருக்கு ஜூடோ மட்டும்தான். காலை ஐந்தரைக்குக் கட்டிலிலிருந்து 'தொப்'பென்று விழுந்து பயிற்சியைத் தொடங்குவார். பெயர் வந்தது அப்படித்தான். கீழ் அறை வார்டன் முதல் வாரம் பூகம்பம் என்று வாசலுக்கு ஓடினார். இரண்டாம் வாரத்திலிருந்து அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டார்.

"எவனாவது அடிக்க வந்தா என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"விழுவேன்."

"அப்புறம்?"

"எந்திரிப்பேன். அம்புட்டுத்தான்டி, பாதிச் சண்டை முடிஞ்சிருச்சு!"

ஒருநாள் டவுன் பஸ் போட்ட பிரேக்கில் பின் சீட்டிலிருந்து டிரைவர் வரை உருண்டு போய், எழுந்து நின்றார். கண்டக்டர் பதறினார். "யக்கா, அடிபட்டுருச்சா?"

"இல்லண்ணே. உருளும்போது தோளு கொஞ்சம் லேட்டா தரையில பட்டுருச்சு. இன்னொருக்கா பிரேக் போடச் சொல்றீங்களா?"

போன வருடம் என் மகள் யாழினியைப் பள்ளி வேனில் ஒரு பெரிய வகுப்புப் பெண் தள்ளிவிட்டாள். அதன்பின் வேன் என்றாலே அழுகை. தொப்பக்காவை நினைத்துத்தான் ஜூடோவில் சேர்த்தேன். இப்போது விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுகிறாள், வேனிலும் ஏறுகிறாள்.

அதற்குள் தெருமுனையில் எம்.எம்.ஏ வகுப்பு வந்துவிட்டது. "சின்ன வயசுலயே எல்லாம் பழகணும் மேடம். ஒண்ணையே பிடிச்சிட்டிருந்தா பின்தங்கிருவாங்க" என்றார் அந்தக் கோச். மாற்றாவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று பயம்; மாற்றினாலும் பயம். வேனைப் பார்த்து அழும் யாழினி திரும்பி வந்துவிட்டால்?

இப்போது மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் குடியிருக்கும் தொப்பக்காவுக்குப் போன் செய்தேன். ஜூடோவை விடுவதா என்று திட்டுவார் என நினைத்தேன்.

"அடியே, போன மாசம் நானே எம்.எம்.ஏ-ல சேந்துட்டேன்! எல்லாப் பக்கமும் அடி வாங்குறேன். எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா?"

"அப்ப யாழினியையும் மாத்திரவாக்கா?"

"ஏன் மாத்தணும்? என்னையத் தூக்கிப் போட்டுட்டு, 'இப்படி விழ எங்கேக்கா கத்துக்கிட்டீங்க'ன்னு கோச்சே கேக்குறாரு. அன்னிக்குப் பழகுன மூணு வருச ஜூடோடி!"

"அப்ப ஜூடோ மட்டும் போதுமா?"

"போதாதுடி. அதான சேந்திருக்கேன்!"

போனை வைத்தபோது குழப்பம் இரட்டிப்பாகியிருந்தது. எதில் சேர்த்தாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். அதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கோடை விடுமுறை முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகளை இப்படி வகுப்புக்கு அனுப்பிய அம்மாக்களே, ஒன்றா, எல்லாமா, சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே விழுகிற சத்தத்தில் எதுவும் காதில் ஏறுவதில்லை. காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து ஒரு பக்கம் யாழினி, மறுபக்கம் நான்: தொப், தொப்.