இருட்டில் எண்ணியது முப்பத்தொன்று

இந்தத் தடவை என் மனைவியிடம் யோசனை கேட்பதில்லை என்று சபதம் எடுத்தேன். சத்தமாக இல்லை. குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அரங்கத்துக்கு அழைத்துப் போய் நிஜ நாடகம் காட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். போன வருஷம் என் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்று, "நான் பாத்ரூம் போகணும், கொஞ்சம் நிறுத்தி வைங்க!" என்று ராஜாவைப் பார்த்துக் கத்தினாள். டி.வி. என்று நினைத்துவிட்டாள், பாவம். இன்னொருத்தன், மந்திரி நிஜமாகவே செத்துவிட்டாரா என்று பார்க்க மேடையேறிக் கிச்சுக்கிச்சு மூட்டினான். மந்திரி பிழைத்துக்கொண்டார். நாடகம் செத்தது.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா, இனிமே எந்த வகுப்பும் எங்கேயும் போகாது. அந்தப் பழி உங்க தலையிலதான் விழும்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இந்த வருஷத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பரை விரித்து விதிகள் எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். வீறிட்டு அழும் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தத் திமிர் எப்போதும் கொஞ்சம் உண்டு.

"ஏங்க, இருபத்தாறு விதியா?"

"ஒழுங்குன்னா சும்மாவா?"

"'இருமக் கூடாது.' இருமல் வந்தா?"

"முழுங்கணும்."

"'சிரிக்கும் முன் ஆசிரியரைப் பார்க்கவும்.' இது எதுக்கு?"

"நான் கையைத் தூக்கினா சிரிக்கலாம். இறக்கினா நிறுத்தணும்."

"உங்களுக்கே ஒரு ஜோக் புரிய ரெண்டு நாள் ஆகுமே! அதுவரைக்கும் நடிக்கிறவர் மேடையிலேயே நிப்பாரா? சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்கலைன்னா அவங்க பாவம்ங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரே ஒரு..."

"வேண்டாம்னா வேண்டாம்!"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினோரு வருஷத்தில் என் முதல் வெற்றி.

ஒத்திகைக்கு ஒரு ஆள் குறைந்தது. வகுப்பறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளுக்கு இருட்டைப் பழக்க வேண்டும். டார்ச் அடித்து இருக்கை காட்ட ஒருவர் வேண்டும். சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று தலைவலி. வேறு வழியில்லாமல் மனைவியைக் கேட்டேன்.

"டார்ச் மட்டும் அடி. வாயே திறக்கக் கூடாது."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒத்திகை படுமோசம். நான் ராஜாவாக நடித்துச் செத்து விழுந்தேன். நான் எது சொன்னாலும் மறுத்துப் பேசுவதால் 'எதிர்க்கட்சி' என்று நான் பெயர் வைத்திருக்கும் பயல், "சார், மூச்சு விடுறீங்க!" என்றான். மொத்த வகுப்பும் என் மேல் ஏறிச் சோதித்தது. அதற்குள் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள், பஸ் விஷயமாக. போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தேன்.

குண்டூசி விழுந்தால் கேட்கும். முப்பத்திரண்டு பேரும் கையைக் கட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை. கொஞ்சம் பரிதாபம் மாதிரி இருந்தது.

"என்ன பண்ணினே?"

"டார்ச் அடிச்சேங்க."

வெள்ளிக்கிழமை அரங்கம். பஸ்ஸில் ஏறும்போது எண்ணினேன், முப்பத்திரண்டு. இறங்கும்போது முப்பத்திரண்டு. இருக்கையில் உட்கார்ந்ததும் முப்பத்திரண்டு. உள்ளங்கை வேர்த்து, சுருட்டி வைத்திருந்த விதித்தாள் நனைந்துவிட்டது.

விளக்கு அணைந்தது. திரை விலகியது. காட்டில் வழி தவறிய விறகுவெட்டி பாடிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அவர் வழுக்கி விழுந்ததும் கலகலவென்று சிரித்தார்கள். நான் கையைத் தூக்கவே இல்லை! அவர் எழுந்ததும் தாங்களாகவே நிறுத்தினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி அடங்கிக் கிடக்கிற பிள்ளைகளே இல்லையே இவர்கள்! ஏதோ நடக்கப் போகிறது.

மெதுவாக எழுந்து, அரை இருட்டில் தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான். எதிர்க்கட்சியின் இருக்கை காலி.

மேடையில் விறகுவெட்டிக்குப் பின்னால் கரடி சத்தமில்லாமல் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அரங்கமே உறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து நான் அலறினேன்:

"ஐயோ! எங்கடா போய்த் தொலைஞ்சே!"

கரடி திடுக்கிட்டு விறகின் மேல் விழுந்தது. விறகுவெட்டி வசனத்தை மறந்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு பொடிக்குரல் கணீரென்று வந்தது:

"சார், நான் இங்கதான் இருக்கேன். உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். பயப்படாதீங்க."

திரும்பினேன். என் சட்டை நுனி எதிர்க்கட்சியின் பிடியில் இருந்தது. பக்கத்துச் சிறுமி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முன்வரிசை மொத்தமும் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்" என்றது. அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கரடி கூட.

"யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு?" என்று அந்தச் சிறுமியிடம் கிசுகிசுத்தேன்.

"ஆன்ட்டிதான். சாருக்கு இருட்டுன்னா ரொம்பப் பயம், வெளியே காட்டிக்க மாட்டார், நீங்க அமைதியா இருந்தாத்தான் அவரும் அமைதியா இருப்பார்னு சொன்னாங்க. ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்காங்க சார். நான் உங்க இடது கை. பேசாதீங்க சார், நடிக்கிறவங்களுக்குக் கேட்கும்."

சாயங்காலம் வீட்டுக்குள் புலி மாதிரி நுழைந்தேன்.

"எனக்கு இருட்டுப் பயமா?"

"இல்லையா?"

"உனக்கு எவ்வளவு தைரியம்!"

"பிள்ளைங்க நல்லா இருந்தாங்களா, இல்லையா?"

"...இருந்தாங்க."

"கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

திங்கட்கிழமை தலைமையாசிரியை சிரித்த முகமாகக் கூப்பிட்டார். எங்கள் பிள்ளைகளைப் போல ஒழுங்கான பார்வையாளர்களைக் கண்டதில்லை என்று அரங்கத்தில் பாராட்டினார்களாம். அடுத்த மாதம் பொம்மலாட்டம். அனுமதிப் படிவங்களை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன். முப்பத்து மூன்று இருந்தது. கடைசிப் படிவத்தில் என் பெயர்.

வீட்டில் அதை மறைத்து வைக்கத்தான் பார்த்தேன். நடக்கவில்லை. மனைவி பேனாவைத் திறந்து, 'பாதுகாவலர்' என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். 'பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியவை' என்ற கட்டத்தில் மட்டும் சற்று யோசித்துவிட்டு எழுதினாள்: "நல்ல பிள்ளைதான். தனியாக விடாதீர்கள்."