ஆத்தோட போகாத முருகன்

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க ஊரு ஈப்போவுல ஓடுற கிந்தா ஆத்துக்குப் போயி, குப்பை நிறைஞ்ச இடமா பார்த்து ஒரு படம் எடுக்கணும்.

எங்க போட்டோ கிளப்பு கண்காட்சிக்கு 'மனுசன் கெடுத்த ஆறு'ன்னு தலைப்பு. சாயந்தரத்துக்குள்ள அனுப்பணும். நாலு வருசமா கிளப்புல இருக்கேன், என் படம் ஒண்ணுகூட சுவத்துல ஏறல. இந்தத் தடவையும் ஏறலன்னா கேமராவை வித்துடணும்னு வீட்டுல சொல்லியாச்சு.

கிளம்பும்போது என் மனைவி ஜெயா ஒரு பையை நீட்டினா.

"ஆத்துக்குத்தானே போறீங்க? கண்ணாடி விரிசல் விட்ட முருகன் படம். வீட்டுல வைக்கக்கூடாது, குப்பையிலயும் போடக்கூடாது. அப்படியே ஆத்துல விட்டுட்டு வாங்க."

அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. சாமி படம் எப்படிங்க குப்பையாகும்? அது வேற கணக்கு.

கரையில இறங்கி, யாரும் இல்லன்னு பார்த்துட்டு, கும்பிட்டு விட்டேன். முருகன் ரெண்டடி போனாரு. யாரோ வீசின மெத்தை ஒண்ணு கிடந்துச்சு, அதுல சாஞ்சு நின்னுட்டாரு.

நான் எடுக்க வந்ததே அந்த மெத்தையைத்தான். மெத்தை, சுத்தி போத்தல், மேல ஒரு உடும்பு. நல்ல காட்சி. இப்ப நடுவுல மயிலோட முருகன் என்னையே பாக்குறாரு.

ட்ரைபாடால தள்ளிப் பார்த்தேன். முருகன் அசையல. ட்ரைபாட் காலு ஒண்ணு கழண்டு ஆத்தோட போயிருச்சு. உடும்பும் எந்திரிச்சுப் போயிருச்சு.

"என்னண்ணே அது, சாமி படமா?"

திரும்பினா, காலையில நடக்க வந்த ஒரு அக்கா நிக்கிறாங்க.

"ஆமாக்கா. எவனோ போட்டிருக்கான்." வாய் தானா சொல்லிருச்சு.

"கொஞ்சமாச்சும் பயம் இருக்கா பாருங்க. நீங்க படம் எடுத்து ஃபேஸ்புக்குல போடுங்கலா. நான் ஷேர் பண்றேன்."

"கண்டிப்பா போடணும்க்கா. இவனுங்கள சும்மா விடக்கூடாது." எனக்கு அவ்வளவு கோவம் வரும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

அவங்க நகரல. வேற வழியில்லாம எடுத்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, நான் எடுத்ததுலயே நல்லா வந்த படம் அதுதான். 'நம்ம பக்தியின் லட்சணம்'னு எழுதி அங்கயே ஃபேஸ்புக்குல போட்டேன். கிளப்புக்கும் அனுப்பிட்டேன்.

மத்தியானத்துக்குள்ள அந்த 'எவனோ'வை ஊரே திட்டி முடிச்சிருச்சு. கூடச் சேர்ந்து நானும் நாலு வரி திட்டினேன். கிளப்பு தலைவர் கூப்பிட்டு, "நடுச்சுவரு உனக்குத்தான்லா"ன்னாரு. நாலு வருசம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பதான் ஜெயா கமெண்ட் போட்டா, எல்லாரும் பாக்குற மாதிரி.

"ஏங்க, இது நம்ம வீட்டு முருகன்தானே? ஆழமான இடமா பார்த்து விடத் தெரியாதா?"

கிளப்புல என் படத்தைத் தள்ளல, சொன்னபடி நடுச்சுவத்துலயே மாட்டிட்டாங்க. படம் எடுத்தவரும் சாமியை ஆத்துல போட்டவரும் ஒரே ஆளுங்கறதால, கீழ பேரு ஒரு தடவை எழுதினாப் போதும்னுட்டாங்க.